மூன்றே வார்த்தை

நவம்பர் 4, திங்கள்

இன்று முதல் கோயில் வளாகத்தில் மத்தியானக் கஞ்சி. மழை தொடங்கிவிட்டது. உப்பளத்தில் வேலை கிடையாது. இனி பொங்கல் கழியும்வரை உப்பள ஆட்கள் வீட்டில் அடுப்பு எரிவது சிரமம். புதிதாக வந்திருக்கும் பங்குச்சாமி அடைக்கலராஜ், மழை முடியும்வரை கஞ்சி ஊற்றுவது என்று போன மாதமே பிரசங்கத்தில் அறிவித்துவிட்டார். சொல்லுவது அவர், செய்வது நாங்கள். சமையல் வியாகுலம், மேற்பார்வை நான்.

மேற்பார்வை என்றால் தட்டு எண்ணுவது, வரிசையை ஒழுங்கு பண்ணுவது, கொட்டகை வாசலில் இருக்கும் பலகையில் வாரம் ஒரு வாசகம் எழுதுவது. என் கையெழுத்து அழகு என்று என்னைப் பிடித்தார்கள். முப்பத்தோரு வருடம் தந்தி ஆபீசில் இருந்தவள் நான். தந்தியே ஒழிந்துபோன பிறகும் ஊருக்கு நான் தந்தியக்காதான். அமலோற்பவம் என்ற பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது.

முதல் நாள் அறுபத்திரண்டு பேர். வரிசையில் ஒருத்தி, பேச்சித்தாய் என்று பெயர், ஐம்பத்தைந்து வயது இருக்கும், தட்டைத் தடவித் தடவி வாங்கினாள். ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையைத் தூக்கி, "கஞ்சியில உப்பு பத்தலக்கா" என்றாள். அத்தனை பேர் முன்னால்! ஓசிக் கஞ்சிக்கு இவ்வளவு ருசி கேட்கிறதா என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"இருக்கதக் குடிம்மா" என்று மட்டும் சொன்னேன்.

வியாகுலம் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுப் பார்த்துவிட்டு, "அவ சொல்லுதது சரிதான்க்கா" என்றாள். அது வேறு விஷயம்.

நவம்பர் 5, செவ்வாய்

எழுபத்தோரு பேர். நல்ல மழை. உப்பைக் கூட்டிப் போடச் சொன்னேன். அவளுக்காக அல்ல.

நவம்பர் 10, ஞாயிறு

சாமியின் பிரசங்கம் முப்பத்திரண்டு நிமிடம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நல்ல மனிதர், நல்ல விஷயம்தான் சொல்கிறார். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டு அதையே தோசை மாதிரி நாலு தடவை திருப்பிப் போடுகிறார். பூசை முடிந்ததும் நேரே போய்ச் சொல்லிவிட்டேன்.

"சாமி, நீங்க மட்டும் எங்க தந்தி ஆபீசுக்கு வந்திருந்தா சொத்தே அழிஞ்சிருக்கும்."

மதுரைப் பக்கத்துக்காரர், சட்டென்று சிரித்துவிடுவார். "உங்களுக்கு எத்தனை வார்த்தை போதும்க்கா?"

"பத்து."

"அப்ப பலகைக்கு நீங்களே சுருக்கிக்குங்க, நான் தலையிடல" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

சுருக்குவது சும்மா வருகிற காரியமா? என் காலத்தில் தந்தி கொடுக்க வருகிறவர்கள் அழுதுகொண்டே வருவார்கள், முழ நீளத்துக்குச் சொல்லுவார்கள். ஒரு தடவை உப்பள ஆள் ஒருவர், பம்பாயில் இருக்கும் மகனுக்குக் கொடுக்க வந்தார். அம்மாவுக்கு மஞ்சள்காமாலை, இப்போது தேவலை என்று ஆரம்பித்து என்னென்னவோ சொன்னார். நான் இங்கிலீஷில் இரண்டே வார்த்தையாக்கினேன். அம்மா தேறிவிட்டாள். வார்த்தைக்கு வார்த்தை காசு வாங்கின காலம் அது. அவருடைய வேட்டி முடிச்சில் இருந்தது பெரும்பாலும் மிச்சம். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். தர்மம் என்றால் அதுவும் தர்மம்தானே.

நவம்பர் 13, புதன்

பேச்சித்தாய்க்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருக்கிறது. இருபத்தெட்டு வருடம் உப்பு வாரினவள். வெயில் உப்பில் பட்டுத் திரும்பி அடிக்கிற வெளிச்சத்தில் கண் போய்விட்டது என்கிறாள். புருஷன் இல்லை. மகன் திருப்பூரில் இருக்கிறான். போன் எப்போதாவது வரும்.

இன்று சீக்கிரமே வந்து சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டு, "எக்கா, வெங்காயம் உரிச்சித் தரட்டுமா? கை சும்மா இருக்கு" என்றாள். ஒன்றை எடுத்து உரித்தாள். தோலோடு பாதி வெங்காயம் போய்விட்டது.

"நீ பேசாம போய் உக்காரு. நீ உரிச்சா வெங்காயம் மிஞ்சாது" என்றேன். வியாகுலம் சிரித்தாள். பேச்சித்தாயும் சிரித்தாள், பிறகு போய் உட்கார்ந்தாள். கஞ்சி குடித்தபோது உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

இன்று ஏழைகளுக்கான ஞாயிறு. சாமிக்குக் கேட்கவா வேண்டும்! நாற்பத்தோரு நிமிடம். ஆனாலும் ஓரிடத்தில் நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த இடத்தை மட்டும் கேட்ட கையோடு பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் குறித்து வைத்தேன்.

"வேலை செய்ய மனசில்லாதவனுக்குச் சோறு இல்லன்னு சொல்றது சரி. ஆனா செய்ய முடியாதவங்க இருக்காங்க. கேட்டும் வேலை கிடைக்காதவங்க இருக்காங்க. அவங்களைப் பார்த்து அதைச் சொல்ல நமக்கு வாய் வரக் கூடாது. நம்ம கோயிலையும் அதைச் சேர்ந்த ஜனங்களையும் நாம எல்லாரும் பங்கு, பங்குன்னு சொல்றோமே, எங்க பங்கு, உங்க பங்குன்னு, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்? அவங்களுக்கு ஊத்துற கஞ்சி பிச்சை இல்ல. அது அவங்க பங்கு."

மத்தியானம் எண்பத்துமூன்று பேர். அதில் பைக்கில் வந்து இறங்குகிற இரண்டு தடியன்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. கை கால் நன்றாக இருக்கிறது, வண்டி இருக்கிறது, வரிசையில் முதல் ஆளாகத் தட்டை நீட்டுகிறார்கள்.

சாயங்காலம் பலகைக்கு வாசகம் எழுதினேன். சாக்பீஸ் மழையில் கரைந்துபோகிறது என்று இந்தத் தடவை வெள்ளைப் பெயிண்டு. உழைக்காதவருக்குச் சோறு இல்லை. மூன்றே வார்த்தை. நாற்பத்தோரு நிமிடத்தை மூன்று வார்த்தையில் அடக்குவதற்கு இந்த மறைமாவட்டத்தில் வேறு ஆள் உண்டா?

நவம்பர் 18, திங்கள்

சாமி வருடாந்தரத் தியானத்துக்குப் போய்விட்டார். சனிக்கிழமைதான் வருவார்.

பைக்குக்காரன்களில் ஒருத்தன் பலகையைப் பார்த்ததும் நின்று, ஒவ்வொரு வார்த்தையாக உரக்க வாசித்தான். அடுத்தவன் சிரித்தான். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. வாசித்துவிட்டு இருவரும் ஆளுக்கு இரண்டு தட்டு குடித்துவிட்டுப் போனார்கள். வெட்கமில்லாத ஜென்மங்கள்.

அறுபத்தாறு பேர்.

நவம்பர் 20, புதன்

நாற்பத்தொன்பது.

நவம்பர் 22, வெள்ளி

முப்பத்தேழு. மழை விடாமல் பெய்கிறது.

வியாகுலம் புலம்புகிறாள். "எக்கா, அரைப் பானை மிஞ்சுது. நாய்க்கு ஊத்துதேன். எனக்கு என்னமோ போல இருக்கு."

"நல்லதுதானே, பசிச்ச ஆள் குறைஞ்சிட்டாவ" என்றேன். பேச்சித்தாயும் திங்கட்கிழமைக்குப் பிறகு வரவில்லை. வேறு எங்கோ இதைவிட உப்பு சரியாகப் போடுகிறார்கள் போலிருக்கிறது.

நவம்பர் 24, ஞாயிறு

கிறிஸ்து அரசர் பெருவிழா. சாமி தியானத்திலிருந்து திரும்பி வந்திருக்கிறார். பூசைக்குப் பிறகு கணக்கைச் சொன்னேன். எண்பத்துமூன்றிலிருந்து முப்பத்தேழு. சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன்.

"மழை கூடியிருக்கு. ஆள் எப்படிக்கா குறையும்?" என்றார்.

கொட்டகைக்கு நடந்தார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பலகையைப் பார்த்தபடி நனைந்துகொண்டே நின்றார்.

"நான் இதைச் சொன்னேனா அக்கா?"

"சுருக்கமா எழுதிருக்கேன் சாமி. பலகையில இடம் இல்ல."

"மனசில்லாதவங்கன்னு சொன்னேன். அப்புறம் பங்குன்னு ஒண்ணு சொன்னேன்."

"அது உள்ளே பூசையில எல்லாரும் கேட்டாங்களே சாமி."

"உள்ளே கேட்டவங்க யாரும் வெளிய கஞ்சிக்கு வரல" என்றார். பிறகு, "மாத்திடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவ்வளவு பேர் முன்னால் சொல்லவில்லை, தனியாகத்தான் சொன்னார். இருந்தாலும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. முப்பத்தோரு வருடத்தில் எந்த அதிகாரியும் என் வாசகத்தை மாற்றச் சொன்னதில்லை.

நவம்பர் 25, திங்கள்

பலகையை மாற்றவில்லை. மழை ஈரத்தில் பெயிண்டு எப்படிக் காயும்?

நவம்பர் 27, புதன்

இன்று நல்ல வெயில். பெயிண்டு தீர்ந்துபோயிருந்தது. கடைக்குப் போக நேரமில்லை. பெட்டியைத் திறந்து பழைய சேலைகளை மடித்து வைத்தேன்.

இருபத்தொன்பது பேர்.

நவம்பர் 28, வியாழன்

பானை கழுவிக்கொண்டே வியாகுலம் சொன்னாள், பேச்சித்தாய் வீட்டில் அடுப்புப் புகையே வரவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாளாம்.

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்கக்கா. நீங்க சொன்னா கேப்பா."

"அவ என்ன எனக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சியா?" என்றேன். வியாகுலம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பானையைக் கவிழ்த்தாள்.

நவம்பர் 30, சனி

போனேன்.

உப்பளக் குடியிருப்பில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் தூக்குவாளியில் கஞ்சி, ஒரு கையில் குடை. கதவு திறந்துதான் கிடந்தது. கட்டில் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தி, அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் நனைந்த சாம்பல். பார்த்ததுமே புரிந்துவிட்டது, பல நாளாக எரியாத அடுப்பு.

"யாரு, தந்தியக்காவா?" என்றாள். தண்ணீரில் நான் நடந்து வந்த விதத்திலேயே கண்டுபிடித்தாளாம்.

"ஏன் கஞ்சிக்கு வரல? பன்னெண்டு நாளாச்சு."

"சோலி கெடந்துச்சு."

"என்ன சோலி?"

கையைக் கட்டிலில் தடவிக்கொண்டே சொன்னாள். "வாசல்ல எழுதிப் போட்டிருக்காவல்லா. பைக்குக்காரப் பய சத்தமா வாசிச்சான். எனக்குக் கண்ணுதான் தெரியாது, காது கேக்குமே. உழைக்காதவருக்குச் சோறு இல்லைன்னு. நான் தட்டக் கையில வச்சிட்டு வரிசையில நிக்கேன். எல்லாரும் என்னயவே பாக்க மாதிரி இருந்துச்சு. முந்தின வாரந்தான் வெங்காயம் உரிக்கேன்னு சொன்னேன், நீங்க வேண்டாம்னுட்டீய. உழைக்கவும் விடல, பெறவு எப்படிக்கா கைய நீட்டுவேன்?"

நான் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தேன்.

"சாமிய நான் குத்தம் சொல்லல. சாமி நல்லவிய. அவியளே எழுதிருக்காவன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். எழுதியவள் நான் என்று ஒரே வாக்கியம். சொல்லவில்லை. "சரி சரி, இதக் குடி முதல்ல" என்று தூக்குவாளியை அவள் கையில் திணித்தேன். அவள் அதை மெதுவாக என் பக்கம் தள்ளினாள்.

"சம்பாதிச்சுத் தின்னே பழகிட்டேன்க்கா. கண்ண அறுத்துச் சரியாக்கிட்டு உப்பளத்துக்குப் போவேன். அப்பம் பாத்துக்கிடலாம்."

என்னை வழியனுப்ப எழுந்தவள் தள்ளாடிச் சுவரைப் பிடித்தாள். நான் அவள் தோளைப் பிடித்தேன். கையில் எலும்புதான் பட்டது. தூக்குவாளியைக் கட்டில்மேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் அழுதேன். மழையில் யாருக்கும் தெரியவில்லை.

வீட்டில் சோறு போட்டு, புளிக்குழம்பை ஊற்றி, உப்புச் சாடியைத் திறந்தேன். இருபத்தெட்டு வருடமாக அவள் வாரின உப்பில் எத்தனை பிடி என் வயிற்றில் போயிருக்கும்? அவளைப் பார்த்து உழைக்காதவள் என்று எழுதியிருக்கிறேனே! சோறு இறங்கவில்லை. தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

திருவருகைக்கால முதல் ஞாயிறு. காலையில் கதவைத் திறந்தால் கேட்டில் என் தூக்குவாளி தொங்குகிறது. யாரிடமோ கொடுத்தனுப்பியிருக்கிறாள். திறந்து பார்த்தேன். கஞ்சி அப்படியே இருந்தது.

பம்பாய்த் தந்தியைப் பற்றி முன்பு எழுதினேன். முழுவதும் எழுதவில்லை. அந்த மனிதர் அன்று இன்னொன்றும் சொன்னார். "தேறிட்டா, ஆனா உன்னயப் பாக்கணும்னு கெடயா கெடக்கா, ஒரு தடவ வந்துட்டுப் போ" என்று. அது தேவையில்லை என்று நான்தான் வெட்டினேன். அவர் காசை மிச்சப்படுத்திக் கொடுக்கிறேன் என்று எனக்குப் பெருமை. தேறிவிட்டாள் என்று படித்த மகன் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அவர் மறுபடியும் வந்தார். அந்தத் தடவை சுருக்க ஒன்றும் இல்லை. ஒரே செய்திதான். அப்போதும் என்னைக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார். நான் என்ன செய்தேன் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியிடம்கூட.

டிசம்பர் 2, திங்கள்

பேச்சித்தாய் மயங்கி விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். குளுக்கோஸ் ஏறுகிறதாம். வியாகுலம் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரியும்.

டிசம்பர் 3, செவ்வாய்

காலையில் சாமியின் பங்களாவுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். தந்தியையும் சொன்னேன். பத்து வார்த்தையில் முடியவில்லை. சாமி குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார்.

"நீங்க எழுதினதுன்னு நினைக்கிறா சாமி. நானும் இல்லேன்னு சொல்லல."

"என் பேரு கெட்டுப் போச்சுன்னு வருத்தப்படாதீங்க. அது போகட்டும்" என்றார். "பாவத்துக்கு மன்னிப்பு என்கிட்ட வாங்கிக்கலாம், அது இப்பவே. ஆனா பலகையில எழுதினதை ஊரே படிச்சுதே அக்கா. அதை அறைக்குள்ள சொல்லி அழிக்க முடியுமா?"

"என்ன செய்யணும்?"

"ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தை நான் சீக்கிரம் முடிச்சுக்கறேன். மைக்கு உங்களுக்கு."

அறுபத்துநாலு வயதில் ஊர் முன்னால் நின்று நான் செய்த தப்பைச் சொல்வதா? "வேற வழி இல்லையா சாமி?" என்றேன்.

"இருக்கு. பெயிண்டை அழிச்சுட்டுப் பேசாம இருக்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் எடுத்துப்போய் அந்த மூன்று வார்த்தையையும் தேய்த்து அழித்தேன். பைக்குக்காரன் ஒருத்தன் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்காமலே வந்து உதவினான். நான்தான் எழுதினேன் என்று அவனிடம் முதலில் சொன்னேன். ஒத்திகை மாதிரி.

"தெரியும்க்கா. ஒங்க கையெழுத்து தாலுகா ஆபீசு வரைக்கும் தெரியுமே" என்றான். உப்பு லாரியில் லோடு ஏற்றுகிறவர்களாம் இருவரும். மழையில் லாரி ஓடவில்லை. வண்டி மச்சானுடையது. "நாங்க சத்தமா வாசிச்சுச் சிரிச்சது எங்கள நெனச்சுத்தான்க்கா. சிரிக்கலேன்னா எப்படிச் சாப்பிடுறது? ஆனா எல்லாருக்கும் சிரிக்க வராதுல்லா."

நான் அவனைத் தடியன் என்று எழுதியிருக்கிறேன். மேலே இருக்கிறது, அழிக்கப் போவதில்லை.

டிசம்பர் 5, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பேச்சித்தாய் தூங்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் சொன்னாள், உடம்பு தேறினால் ஜனவரியில் கண்ணுக்கு ஆபரேஷன் செய்யலாம், இரண்டும் சரியாகக்கூடிய கண்தான் என்று. கூட இருக்க ஆள் வேண்டும் என்றாள். என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

என் பெயர்விழா, அமலோற்பவ மாதா திருநாள். ஞாயிறாக இருப்பதால் திருநாளை நாளைக்குத் தள்ளியிருக்கிறார்கள். நல்லவேளை, யாரும் வாழ்த்துச் சொல்ல வரவில்லை.

சாமி பிரசங்கத்தை எட்டே நிமிடத்தில் முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். போனேன். கோயில் நிறைந்திருந்தது. எழுதி வைத்துக்கொண்ட தாளைப் பிரித்தேன். கண்ணாடியைக் கொண்டுவரவில்லை! எத்தனை வருடப் பழக்கம், இன்றைக்கென்று பார்த்து மறந்திருக்கிறேன். தாளை மடித்து வைத்துவிட்டு வாயில் வந்ததைச் சொன்னேன்.

சாமி என்ன சொன்னார், நான் என்ன எழுதினேன், எதை வெட்டினேன், ஏன் வெட்டினேன். வரிசையிலிருந்து யார் யார் போய்விட்டார்கள். வேலை கேட்டு வந்தவளை நான் எப்படி விரட்டினேன். அவளுடைய உப்பைத் தின்று வளர்ந்த வாய் இது என்றும் சொன்னேன். கடைசியாக, "உங்க தெருவுல கஞ்சிக்கு வராம நின்னவங்க யாரு இருக்காங்களோ, அவங்க வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்க. எழுதினது அமலோற்பவம், தப்பா எழுதிட்டா, அது உங்க பங்குன்னு சொல்லுங்க" என்றேன்.

இறங்கி வந்து உட்கார்ந்தேன். வியாகுலம் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பூசை முடிந்ததும் சாமி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "பதினெட்டு நிமிசம்க்கா. எண்ணிக்கிட்டே இருந்தேன்."

"சொத்தே அழிஞ்சிட்டு சாமி" என்றேன்.

டிசம்பர் 9, திங்கள்

புதுப் பெயிண்டு. சாமி சொன்னதை ஒரு வார்த்தை வெட்டாமல் எழுதினேன். பலகை போதவில்லை. மீதியைக் கொட்டகைச் சுவரில் எழுதினேன். எழுத்து கோணலாக வந்திருக்கிறது. வாசிக்கத் தெரியாதவர்களுக்காக மணி அடித்ததும் நானே வாசலில் நின்று உரக்கச் சொன்னேன்.

ஐம்பத்தெட்டு பேர்.

டிசம்பர் 10, செவ்வாய்

பேச்சித்தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். போய்ச் சொன்னேன். சாமி எழுதியது இல்லை, நான் எழுதியது, சாமி சொன்னது வேறு.

அவள் மன்னித்துவிடுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன், பொய் சொல்வானேன்.

"நீங்களா?" என்றாள். முகம் சிவந்துவிட்டது. "அன்னைக்கு இதே கட்டில்ல ஒக்காந்து கேட்டுட்டு இருந்தியளே, அப்பம் சொல்லலியே! பன்னெண்டு நாளு பச்சத் தண்ணிய குடிச்சிட்டுக் கெடந்தேன். சாமியே சொல்லிட்டாவ, நாம எதுக்கு இருக்கோம்னு நெனச்சேன்க்கா. தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாது" என்றேன். "தப்பு பண்ணிட்டேன் பேச்சி."

"போங்க. இப்பம் எனக்குப் பேச முடியாது."

போனேன். வாசலில் நின்று, அது உன் பங்கு, எப்போது வேண்டுமானாலும் வா என்று சொல்ல நினைத்தேன். அதையும் அவளுடைய கோபத்தின்மேல் சுமத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் 12, வியாழன்

எண்பது. உப்பளக் குடியிருப்பிலிருந்து ஒரு கூட்டமாகவே வந்தார்கள். பேச்சித்தாய் இல்லை.

டிசம்பர் 14, சனி

எண்பத்தாறு. இல்லை.

பைக்குக்காரர்கள் இருவரும் விறகு கொண்டுவந்து போடுகிறார்கள். யாரும் கேட்கவில்லை. அவர்கள் வேலை செய்யாத நாளிலும் வரிசையில் முதல் ஆளாகத்தான் நிற்கிறார்கள், நானும் சிரித்துக்கொண்டே ஊற்றுகிறேன்.

டிசம்பர் 16, திங்கள்

தொண்ணூற்றொரு பேர். தொண்ணூறு வரைக்கும் எண்ணிவிட்டுத் தலையைத் தூக்கினேன். வரிசையின் கடைசியில் பேச்சித்தாய், பக்கத்து வீட்டுக்காரி தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கரண்டியை வியாகுலத்திடமிருந்து வாங்கிக்கொண்டேன். அவசரத்தில் கொஞ்சம் கஞ்சி தரையில் சிந்தியது. அவள் தட்டை நீட்டினாள். இந்தத் தடவை தடவவில்லை, நேராக நீட்டினாள்.

"எம் பங்க ஊத்துங்க" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை.

ஊற்றினேன். பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நான் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பார்க்காதது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாய் குடித்தாள். நிறுத்தினாள். தலையைத் தூக்கி, அத்தனை பேர் முன்னால், கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"கஞ்சியில உப்பு பத்தலக்கா."

மூன்றே வார்த்தை. என் வாழ்நாளில் எத்தனையோ நல்ல செய்திகளைத் தட்டி அனுப்பியிருக்கிறேன். இப்படி ஒன்று எனக்கு வந்ததில்லை.

"இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு, உப்புச் சாடியோடு ஓடினேன்.